கஞ்சியும் கஞ்ஞியும்: எல்லையோரக் குரலை அளக்கும்போது

தமிழ்நாட்டு எல்லையையொட்டிக் கேரளத்தில் இருக்கும் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியை அவளுடைய அம்மாவும் அமுச்சியும் (அம்மாவின் அம்மா) பேச்சுப் பயிற்சிக்காக என்னிடம் அழைத்து வந்திருந்தார்கள். மேல்வாயில் பிறவியிலேயே இருந்த அன்னப்பிளவுக்குச் சிறுவயதிலேயே அறுவைச் சிகிச்சை முடிந்திருந்தது. வேறோர் இடத்தில் கொடுத்த அறிக்கையில், மூக்கொலி மிகுதியாக இருப்பதாகவும், வாய்க்குள் காற்றை அடக்கி ஒலிக்க வேண்டிய மெய்கள் விடுபடுவதாகவும் எழுதியிருந்தது. படஅட்டையில் கிண்ணத்தைக் காட்டி மலையாளத்தில் கேட்டபோது சிறுமி 'கஞ்ஞி' என்றாள். அறிக்கை சொன்னது சரிதானோ என்று தோன்றியது. சற்று நேரம் கழித்து அமுச்சி தன் போக்கில், "காலையில என்ன சாமி குடிச்சே?" என்று கேட்க, "கஞ்சி" என்று தெளிவாகப் பதில் வந்தது. ஒரே வாய், ஒரே அண்ணம், ஐந்து நிமிட இடைவெளி. ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்ததால் இரண்டு சொற்களையும் பிறகு கணினித் திரையில் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க முடிந்தது.

'கஞ்சி' என்ற பதிவில் ஞகரத்தின் முணுமுணுப்பு ஏறத்தாழ 250 முதல் 300 ஹெர்ட்ஸ் வரையில் ஒரு கரும்பட்டையாக ஓடி, பிறகு காற்று அடைபடும் மிகச் சிறிய இடைவெளியும், அதை உடைத்துக்கொண்டு மேல் அதிர்வெண்களில் சிதறும் உரசலும் தெரிந்தன. 'கஞ்ஞி'யில் அடைப்பும் இல்லை, உரசலும் இல்லை. மூக்கொலியின் பட்டை மட்டும் நீண்டு இகரத்தில் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது படத்தை மட்டும் பார்ப்பவர், அண்ணம் மூடாததால் காற்று மூக்குவழியே ஒழுகிவிட்டது என்று முடிவுகட்டலாம். ஆனால் மலையாளத்தில் அந்தச் சொல்லே கஞ்ஞிதான். சிறுமி இரண்டு மொழியையும் பிழையில்லாமல் பேசியிருக்கிறாள்.

வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று சோதனைச்சாவடிகள் வரிசையாக நிற்கும் இந்தப் பகுதியில், கேரளத்துக்குள் இருக்கும் சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஊர்களில் வீட்டுமொழி தமிழ். 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை வரையப்பட்டபோது கோடு நிலத்தில் விழுந்ததே தவிர நாக்கில் விழவில்லை. பள்ளியில் தமிழ்வழி வகுப்பும் உண்டு, மலையாளவழி வகுப்பும் உண்டு. ரேஷன் கடையில் ஒரு மொழி, தோட்டத்தில் ஒரு மொழி, ஆஸ்பத்திரியில் இரண்டும் கலந்த மூன்றாவது ஒன்று. குரலையும் பேச்சையும் கருவியால் அளக்கும் முறை இப்படிப்பட்ட இடத்துக்கு வரும்போது, அளவு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதைப் பிரித்துப் பார்ப்பது அவசியமாகிறது.

அளவின் அடிப்படை எளிதானது. நுரையீரலிலிருந்து வரும் காற்று குரல்வளையில் இருக்கும் இரண்டு குரல்நாண்களைத் திறந்து மூடி அதிரச் செய்கிறது. அந்த அதிர்வு தொண்டை, வாய், மூக்கு ஆகிய அறைகளின் வழியே வெளியேறும்போது, அறையின் வடிவத்துக்கேற்ப சில அதிர்வெண்கள் வலுப்பெறுகின்றன, சில மங்குகின்றன. மூலம் ஒன்று, வடிகட்டி ஒன்று என்ற இந்த விளக்கத்தை ஸ்வீடன் நாட்டு அறிஞர் குன்னர் ஃபான்ட் 1960இல் முறையான கோட்பாடாக எழுதினார். வடிகட்டியில் வலுப்பெறும் அதிர்வெண்களுக்கு ஃபார்மன்ட் என்று பெயர். வாய் திறந்து 'ஆ' என்னும்போது முதல் ஃபார்மன்ட் மேலே ஏறுகிறது. 'ஈ' என்று நாக்கை முன்னே உயர்த்தும்போது முதலாவது இறங்கி இரண்டாவது உயர்கிறது. காலத்தைக் கிடைமட்டமாகவும் அதிர்வெண்ணை மேல்நோக்கியும் வைத்து, ஒலியின் வலுவைக் கருமையாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் என்னும் படம் 1940களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவானது. அன்று தனிக் கருவி தேவைப்பட்ட வேலையை இன்று ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் பூர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் உருவாக்கிய 'ப்ராட்' என்ற இலவச மென்பொருள் சாதாரண மடிக்கணினியில் செய்கிறது.

மூலத்தின் கோளாறு குரல்கோளாறு. வடிகட்டியையும் அதை இயக்கும் நரம்பையும் தாக்கும் கோளாறு பெரும்பாலும் பேச்சுக்கோளாறு. இந்த வேறுபாடு முக்கியமானது, ஏனெனில் முதல் வகையை அளப்பதில் மொழியின் குறுக்கீடு குறைவு, இரண்டாவதில் மிக அதிகம்.

குரலை அளக்க, சௌகரியமான சுருதியில் 'ஆ' என்று சில விநாடிகள் இழுக்கச் சொல்வது வழக்கம். வளர்ந்த ஆணின் குரல்நாண்கள் விநாடிக்கு ஏறத்தாழ 100 முதல் 150 முறையும், பெண்ணுடையவை 180 முதல் 250 முறையும் அதிர்கின்றன. ஓர் அதிர்வுக்கும் அடுத்த அதிர்வுக்கும் கால அளவில் வரும் தடுமாற்றம் ஜிட்டர். வலுவில் வரும் தடுமாற்றம் ஷிம்மர். சீரான ஒலிக்கும் அதில் கலந்த காற்றிரைச்சலுக்கும் உள்ள விகிதம் டெசிபலில் சொல்லப்படுகிறது. குரல்நாணில் முடிச்சு விழுந்தாலோ, தைராய்டு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஒரு நாண் அசையாமல் போனாலோ இரண்டும் சரியாகச் சேராமல் காற்று கசிய, இந்த எண்கள் மாறுகின்றன.

இங்கே ஆசிரியர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேச்சே தொழிலாக உள்ளவர்களில் அதிகம் அவதிப்படுபவர்கள் அவர்கள்தாம். அமெரிக்காவில் அயோவா, யூட்டா மாநிலங்களில் நடத்தி 2004இல் வெளியிடப்பட்ட பெரிய ஆய்வில், அப்போது குரல்கோளாறு இருந்தவர்கள் ஆசிரியர்களில் 11 சதவீதம், மற்றவர்களில் 6.2 சதவீதம். ஓர் ஆசிரியையின் குரல்நாண்கள் விநாடிக்கு 200 முறை மோதுவதாக வைத்துக்கொண்டால், இடைவிடாமல் குரல் ஒலிக்கும் ஒரு மணி நேரத்தில் அவை 7,20,000 முறை மோதியிருக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சன்னல் கதவுகளை அடித்துக்கொண்டிருக்கும் வகுப்பறையில், இரண்டு வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைத்துப் பாடம் நடத்துபவருக்குத் தொண்டை கட்டுவது வெறும் 'ஜலதோஷம்' அல்ல. மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவர் குரல்நாண்களை நேரில் பார்த்தாக வேண்டும். கணினியின் எண் அந்தப் பார்வைக்குத் துணை, மாற்று ஆகாது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 'ஜிட்டர் 1.04 சதவீதத்துக்கு மேல் போனால் கோளாறு' என்று பல அறிக்கைகளில் அச்சடித்தாற்போல வருகிறது. அது ஒரு குறிப்பிட்ட வணிக மென்பொருளுக்கென வைக்கப்பட்ட வரம்பு. வேறு மென்பொருள் வேறு கணக்கில் அளக்கும்போது அதே வரம்பை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது என்று ப்ராட்டின் கையேடே சொல்கிறது. மேலும், குரல் மிகவும் கெட்டுச் சீரான அதிர்வே இல்லாத நிலையில் ஜிட்டர், ஷிம்மர் கணக்குகளுக்குப் பொருளே கிடையாது. 1990களின் நடுவிலேயே இங்கோ டிட்சே முதலான ஆய்வாளர்கள் இதை வலியுறுத்திவிட்டார்கள். அதனால்தான் ஒவ்வொரு அதிர்வையும் தனியே பிடிக்காமலேயே குரலின் ஒட்டுமொத்தச் சீர்மையைக் காட்டும் செப்ஸ்ட்ரல் உச்ச அளவு இப்போது முன்னுக்கு வந்திருக்கிறது. தொடர்பேச்சிலும் அதை அளக்கலாம். ஆனால் தொடர்பேச்சு என்றவுடன் மொழி உள்ளே வந்துவிடுகிறது: எந்த வாக்கியத்தை வாசிக்கக் கொடுத்தோம், அதில் குரல்நாண் அதிர ஒலிக்கும் குரலுள்ள ஒலிகள் எத்தனை, அதிராமல் ஒலிக்கும் குரலற்றவை எத்தனை என்பதைப் பொறுத்து எண் மாறும். ஆங்கிலத்துக்கென அமைத்த வாக்கியங்களின் வரம்பைத் தமிழ் வாக்கியத்தின் மேல் வைத்துப் பார்ப்பது, ஒரு ஊர்ப் படியால் அளந்துவிட்டு இன்னொரு ஊர்ப் படிக்குக் கணக்குச் சொல்வதைப் போன்றது.

மூக்கொலி விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. நேசோமீட்டர் என்னும் கருவி மூக்குக்கும் வாய்க்கும் நடுவே ஒரு தடுப்புத் தகட்டை வைத்து, இரண்டு பக்கமும் மைக்கால் ஒலியைப் பிடித்து, மொத்த ஒலியில் மூக்கின் பங்கு எத்தனை சதவீதம் என்று காட்டும். அன்னப்பிளவு உள்ள குழந்தைகளுக்கு இது மிகவும் பயன்படுவது. தமிழில் மெல்லினமும் அதன் இனமான வல்லினமும் அடுத்தடுத்து நிற்கும் பல இடங்களில், மலையாளம் வல்லினத்தை விழுங்கி மெல்லினத்தை இரட்டித்துவிட்டது. தேங்காய் அங்கே தேங்ங, மாங்காய் மாங்ங, மஞ்சள் மஞ்ஞள், வந்தது வந்நு. எல்லா இடத்திலும் அப்படி நடக்கவில்லை. ம்ப, ண்ட ஆகிய சேர்க்கைகள் மலையாளத்திலும் உடையாமல் நிற்கின்றன. வண்டி இரண்டு பக்கமும் வண்டிதான், தும்பியும் தும்பிதான். இன்னொன்று: மலையாளத்தில் மூக்கொலிகள் ஆறு. பன்றியைக் குறிக்கும் 'பன்னி'யில் நாக்கு பல்லைத் தொடுகிறது, 'கன்னி'யில் பல்லுக்கு மேலுள்ள ஈறைத் தொடுகிறது. ஒரே எழுத்தால் எழுதினாலும் காது பிரித்தறிகிறது. எனவே ஒரே கதையை இரண்டு மொழியிலும் சொல்லவைத்து மூக்கொலிச் சதவீதம் எடுத்தால், நலமான குழந்தைக்கே இரண்டு எண்கள் வருவதில் வியப்பில்லை. எண்ணின் பக்கத்தில் மொழியின் பெயர் எழுதப்படாத அறிக்கையை வைத்துக்கொண்டு இன்னொரு அறுவைச் சிகிச்சை பற்றிப் பேசுவது எனக்குப் பதற்றம் தருகிறது.

குரலுள்ள, குரலற்ற ஒலிகளின் கதை ஆந்திர எல்லையில் தெளிவாகத் தெரியும். உதடோ நாக்கோ அடைப்பைத் திறந்ததற்கும் குரல்நாண் அதிரத் தொடங்குவதற்கும் இடையிலுள்ள நேரத்தை மில்லிவிநாடியில் அளக்கும் முறையை 1964இல் லீ லிஸ்கரும் ஆர்தர் ஆப்ரம்சனும் 11 மொழிகளில் செய்து காட்டினார்கள். அந்தப் பதினொன்றில் தமிழும் ஒன்று. பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சின் இயக்கத் திட்டம் குலைந்தவர்களிடம், குரலுள்ள ஒலியும் குரலற்ற ஒலியும் இந்த அளவில் ஒன்றோடொன்று கலந்துபோவது ஓர் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. குப்பம், நகரி வட்டாரத்தில் தெலுங்கு பேசுபவருக்கு, குரலற்ற ககரத்தில் தொடங்கினால் 'கூடு' சோறு. குரலுள்ள ககரத்தில் தொடங்கினால் அதே 'கூடு' பறவையின் கூடு. தமிழ் எழுத்து இரண்டையும் பிரித்துக் காட்டாததற்குக் காரணம், தமிழ்ச்சொல்லில் ஒலிப்பு இடத்தால் முடிவாகிவிடுவதுதான்: சொல்லின் முதலில் குரலற்றது, மெல்லினத்தை அடுத்துக் குரலுள்ளது, இரட்டித்தால் மீண்டும் குரலற்றது. ஆகவே வீட்டில் தமிழ் மட்டுமே பேசிய ஒரு முதியவர் தெலுங்குச் சொற்பட்டியலை வாசிக்கும்போது இரண்டு கூடும் ஒன்றாய்ப்போனால் அது மூளைக் காயத்தின் விளைவாக இருக்கலாம், அவருடைய தமிழாகவும் இருக்கலாம். அவரிடம் கேட்க வேண்டியது 'பட்டு', 'படு' போன்ற சொற்களை. டகரத்தில் காற்று அடைபடும் நேரம் இரட்டிக்கும்போது நீள்கிறதா என்பதுதான் தமிழில் பொருள் தரும் வேறுபாடு.

உயிரெழுத்துகளில் ஒரு நுணுக்கத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் கணினி தானாகச் செய்யும் கணக்கில் இது எளிதில் தவறிப்போகும். நாக்கின் தசைகள் தளர்ந்தவர்களிடம் ஆ, ஈ, ஊ மூன்றின் ஃபார்மன்ட்களையும் புள்ளிகளாகக் குறித்து ஒரு முக்கோணம் வரைவார்கள். நாக்கின் வீச்சு குறையும்போது முக்கோணம் சுருங்கும். பார்க்கின்சன் நோயிலும் பக்கவாதத்திலும் இதைக் காணலாம். இப்போது தமிழ்ப்பேச்சிலிருந்து உகரத்தைத் தேடச்சொன்னால் கணினிக்கு மிகுதியாகக் கிடைப்பது சொல்லின் இறுதியிலுள்ள உகரம்: பாட்டு, காசு, வீடு. அது குற்றியலுகரம். உதடு குவிவதில்லை, கால அளவும் குறைவு. உதடு குவிந்த 'ஊர்' என்ற சொல்லில் இரண்டாம் ஃபார்மன்ட் 800 ஹெர்ட்ஸ் அளவில் நிற்க, குற்றியலுகரத்தில் ஆயிரத்துக்கு மேலே ஏறிவிடுகிறது. அந்தப் புள்ளியை முக்கோணத்தின் மூலையாக வைத்தால் நலமானவரின் முக்கோணமும் சுருங்கியே தெரியும். மலையாளத்தில் இந்த உகரம் இன்னும் நடுவாயில் ஒலிப்பது. நம் இலக்கணம் அதற்கு அரை மாத்திரை என்று கொடுத்த தனி இடம் இங்கே உடனடியாகப் பயன்படுகிறது.

மாத்திரை என்றதும் நீட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடலாம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்ற பழைய கணக்கை ஒலிப்பதிவில் அளந்தாலும் விகிதம் ஏறத்தாழ அந்தத் திசையிலேயே நிற்கிறது. கல், கால்; படு, பாடு என்ற இணைகளின் பொருள் இந்த நேரவேறுபாட்டில் தொங்குகிறது. அமெரிக்காவின் மாயோ கிளினிக் மருத்துவமனையைச் சேர்ந்த டார்லி, அரான்சன், பிரௌன் மூவரும் 1969இல் பேச்சுத்தசைக் கோளாறுகளை வகைப்படுத்தியபோது, சிறுமூளை பாதிக்கப்பட்டவர்கள் எல்லா அசையையும் ஒரே அழுத்தத்தில் சொல்வதை ஒரு முக்கிய அறிகுறியாகக் கண்டார்கள். ஆங்கிலத்தில் அசையழுத்தம் சொல்லோடு பிறந்தது, ஆகவே அது கெட்டால் உடனே காதில் படும். தமிழில் அப்படிப்பட்ட சொல்லழுத்தம் இல்லை. தமிழ் பேசும் நோயாளியிடம் முதலில் பார்க்க வேண்டியது குறிலும் நெடிலும் ஒன்றையொன்று நெருங்கிவிட்டனவா என்பதைத்தான். பேச்சின் தாளத்தை மொழிவாரியாக அளந்த ஆய்வுகளில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் 2002ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில் 18 மொழிகள் உண்டு, தமிழும் உண்டு. ஆனால் ஒவ்வொரு மொழிக்கும் ஒரே ஒரு பேச்சாளர். அந்த ஒருவரை வைத்துக்கொண்டு கொங்குத் தமிழையும் குமரித் தமிழையும் பாலக்காட்டுத் தமிழையும் அளந்துவிட முடியாது.

ழகரத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஸ்ரீகாந்த் நாராயணன், டானி பேர்ட், அபிகெய்ல் கான் ஆகியோர் 1999இல் எம்.ஆர்.ஐ. படங்களின் துணையோடு தமிழின் ர, ற, ல, ள, ழ ஐந்தையும் ஆராய்ந்து வெளியிட்டார்கள். ழகரத்தில் மூன்றாம் ஃபார்மன்ட் இறங்கி வருவது அதன் கையெழுத்து. எங்கள் பக்கத்தில் 'வாளப்பளம்' என்று சொல்லாத தமிழ் வீடு குறைவு; மலபாரின் சில வழக்குகளில் மழை 'மய' ஆகிவிடும். மலையாளச் சொற்சோதனையில் மழையைக் குறிக்கும் 'மழ'வை 'மள' என்று சொன்ன பிள்ளைக்கு ஒலிப்புப் பிழை என்று குறிப்பதற்கு முன், அவளுடைய அம்மா அந்தச் சொல்லை எப்படிச் சொல்கிறார் என்று கேட்டுவிட வேண்டும்.

குரலை வைத்து நோயைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் செயலிகள் இப்போது பெருகிவருகின்றன. அவற்றுக்குப் பயிற்சி அளித்த தரவு யாருடைய குரல் என்பதே முதல் கேள்வி. பார்க்கின்சன் நோய்க்காக உலகெங்கும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தப்பட்ட ஒரு தரவுத்தொகுப்பில் உள்ளவர்கள் மொத்தம் 31 பேர், அவர்களில் நோயாளிகள் 23 பேர், பதிவுகள் 195. நீட்டி ஒலித்த உயிரொலி என்பதால் மொழி குறுக்கிடாது என்ற நம்பிக்கை ஓரளவு சரி. ஆனால் பதிவுசெய்த அறையும் மைக்கும் குறுக்கிடும். தொலைபேசிக் குரல் பழைய முறையில் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையே கடத்தும். கைபேசிச் செயலிகள் இரைச்சலை அகற்றுகிறேன் என்று குரலையும் செதுக்கிவிடுகின்றன. வாட்ஸப்பில் அனுப்பிய 'ஆ'வில் ஷிம்மர் அளந்து அறிக்கை கொடுப்பதை நான் ஏற்பதில்லை. மின்விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, வாயிலிருந்து மாறாத தூரத்தில் மைக்கை வைத்துப் பதிவுசெய்வது செலவில்லாத வேலை.

மைசூரில் 1965 முதல் இயங்கும் அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனமும் திருவனந்தபுரத்தில் 1997இல் தொடங்கிய தேசியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனமும் இந்திய மொழிகளுக்கான சோதனைகளையும் பயிற்சியையும் வளர்த்திருக்கின்றன. எல்லைக்கு இருபுறமும் இரண்டு மொழியும் பேசி வளர்பவர்களின் பேச்சுக்கு மட்டும் தனியான அளவுகோல் வேண்டும், அதை இங்கேயே பதிவுசெய்ய வேண்டும். அதுவரை நான் செய்வது இது: பதிவின் தலைப்பில் வீட்டுமொழி, பள்ளிமொழி, கேள்வி கேட்டவர் யார், எந்த மொழியில் கேட்டார் என்று எழுதுகிறேன். மூக்கொலியே இல்லாத 'காக்கா கூட்டைப் பார்', மூக்கொலி நிறைந்த 'நானும் மாமனும்', இரண்டு மொழிக்கும் பொதுவான வண்டி, தும்பி ஆகியவற்றை எல்லோரிடமும் கேட்கிறேன்.

அந்தச் சிறுமியிடமும் கேட்டேன். மூக்கடியில் சிறு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு 'பாட்டி', 'கூடு', 'காக்கா' என்று சொல்லச் சொன்னபோது கண்ணாடி தெளிவாகவே இருந்தது. 'பஸ்' என்றபோது மட்டும் பனித்தது. மறுபடி 'பஸ்', மறுபடி பனி. ஸ்பெக்ட்ரோகிராமில் ஸகரத்தின் உரசல் மேலே வலுவாக நிற்க வேண்டிய இடத்தில் மங்கிச் சிதறிக் கிடந்தது. மற்ற ஒலிகளுக்கெல்லாம் அண்ணம் ஒழுங்காக மூடுகிறது. இந்த ஒன்றுக்கு மட்டும் மூக்குவழியே காற்றை விடப் பழகியிருக்கிறாள். முந்தைய அறிக்கை கஞ்ஞியைப் பிழையாகக் குறித்தது, பஸ்ஸைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. பழக்கத்தால் வந்த இப்படிப்பட்ட கசிவுக்குக் கத்தி தேவைப்படாது. தகரத்தில் காற்றை அடக்கி, அதை மெல்ல நீட்டி ஸகரத்துக்குக் கொண்டுவரும் பயிற்சி போதும். வாரம் இருமுறை வரச்சொல்லியிருக்கிறேன். வீட்டில் கண்ணாடி பிடிக்கும் பொறுப்பை அமுச்சி ஏற்றுக்கொண்டிருக்கிறார்.